பால்மா டின்னில் ஏற்றிய வெசாக்

பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி நெருங்கினால் கண்டிப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் குப்பையிலேயே இருக்கும். பால்மா டின், யோகட் கப், சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், மரக்காலையில் கழித்துப் போட்ட சிலாகை, எதையும் விடமாட்டோம். நாங்கள் கட்டுக்கலைக்காரர்கள், செல்வ விநாயகர் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் எங்கள் வாசலில் வெசாக் விளக்குக் கூடு தொங்காத வருஷம் இல்லை. கார்த்திகைத் தீபத்துக்கு வாங்கிய அகல்களைக் கழுவி வைத்திருந்து, மே மாதம் அம்மாவே எடுத்துத் தருவா.

கூடு கட்டப் பழக்கியவர் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா. மூங்கிலைப் பிளந்து, சீவி, ஒரே அளவில் இருபத்து நான்கு குச்சி நறுக்குவார். ஆறு சதுரம் மூலையோடு மூலை தொட்டு நிற்கும்படி நூலால் கட்டினால், இடையில் எட்டு முக்கோணம் தானாக விழும். அதுதான் அட்டபட்டம் கூடு. ஒரு குச்சி அரை விரல் நீண்டாலும் கூடு முழுவதும் கோணிக்கொள்ளும். கோதுமை மாவில் பசை காய்ச்சி டிசுத் தாள் ஒட்டுவோம். "மேல் சதுரத்துக்கு மட்டும் தாள் வேணாம் மகன், சூடு போக வழி வேணும்" என்பார்.

எனக்கு உயிர் டின் கூட்டில்தான். வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கும். ஈர மணலை உள்ளே இறுக்கி நிரப்பிவிட்டு, கரிக்கோட்டில் வரைந்த பூவின் மேல் ஆணியை வைத்துத் தட்டவேண்டும். இரவில் மணலைக் கொட்டி, உள்ளே அகலை ஏற்றினால், டின்னில் உள்ளங்கையளவு இருந்த பூ சுவரில் ஆளுயரத்துக்கு விரியும். கிட்டப் போய்ப் பார்த்தால், சின்ன ஓட்டைகளின் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் தலைகீழாய் எரியும் ஒரு சுடர். பாடப்புத்தகத்தில் ஊசித்துளைக் கமரா வருவதற்கு முன்பே அதை நான் சுவரில் பார்த்துவிட்டேன்.

பிறகு அப்பாவோடு வாவிக்கரை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டத் தொடங்கிய வாவி அது; நாயக்கர் வழி வந்த கண்டியின் கடைசி அரசன் அவன். மேகம் போல் வளைந்த கரையோரச் சுவரில் வரிசையாக முக்கோணத் துளைகள். திருவிழா இரவுகளில் விளக்கு வைக்கவென்றே விட்டவை அவை. விளக்கேற்றிப் பார்ப்பதற்காகச் சுவரிலேயே துளை விட்ட ஊர் எங்களுடையது.

எல்லாரும் பல்ப் மின்னும் வெசாக் பந்தலான தோரணத்தின் முன்னால் நின்று, புத்தரின் முற்பிறவி ஜாதகக் கதை பார்ப்பார்கள். அப்பா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போவார். அங்கே ஒரு மர உருளை சுற்றிக்கொண்டிருக்கும். அதில் அறைந்த தகட்டுப் பட்டை கம்பியைத் தொட்டால் ஒரு வரிசை பல்ப் எரியும், விலகினால் அணையும். முன்னால் ஓடி விளையாடும் அத்தனை வெளிச்சமும் அந்த உருளையின் வேலை. தொடும்போதெல்லாம் நீலப் பொறி தெறிக்கும். கதையைவிட அந்தப் பொறிதான் எனக்குப் பெரிது.

இப்போது கடையில் பிளாஸ்டிக் கூடு மடித்து வருகிறது. விரித்துத் தொங்கவிட்டால் சரி. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பிள்ளையின் கை படவில்லை. வரும் வெசாக்குக்கு ஒரு பால்மா டின்னை வீசாமல் வையுங்கள். மணலை நிரப்பி, ஆணியையும் சுத்தியலையும் பிள்ளையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள்.