வலிப்பு நின்ற பிறகு

தூக்கத்தில் வலிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வலிப்பைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. கை கால் வெட்டி இழுத்ததும், கண் மேலே செருகியதும், வாயில் நுரை தள்ளியதும் பக்கத்தில் படுத்திருந்தவர் சொன்னால்தான் உண்டு. கல்லூரியில் படித்த காலத்திலிருந்து எனக்கு இரவு வலிப்பு இருக்கிறது. முன்பு அம்மா பார்த்தார், இப்போது என் கணவர் பார்க்கிறார். நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்கென்று மிஞ்சுவது அதற்குப் பின்னால் வருவதுதான். வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். பின்னால் வருவது விடியும்வரை இருக்கும், சில வேளை மறுநாள் சாயங்காலம்வரைகூட இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண் விழித்ததும் முதலில் தெரிவது நாக்கு. ஓரத்தில் கடிபட்டிருக்கும்; வாயில் ரத்தம் கரிக்கும். தலையணை உறை நனைந்திருக்கும். நாள் முழுக்க நாற்று நட்டு வந்தவளைப் போலத் தோளும் தொடையும் வலிக்கும். பிறகு அறை கண்ணில் படும். மேலே சுற்றும் மின்விசிறி, கதவில் தொங்கும் துப்பட்டா, மேசைமேல் திருத்தி முடிக்காத விடைத்தாள் கட்டு. எல்லாம் இன்னதென்று தெரியும். எதுவும் என்னுடையதாகத் தோன்றாது. முன்பின் தெரியாத ஒருத்தியின் வீட்டில், அவள் இல்லாத நேரத்தில் வந்து படுத்துவிட்டேன் என்ற கூச்சம் வரும். எழுந்து போய்விடலாம் என்று கால் துடிக்கும்.

"பையன் பேரு என்னம்மா? சொல்லு பாப்போம்" என்பார் கணவர். நினைவு திரும்பிவிட்டதா என்று பார்க்க முன்பெல்லாம் அவர் கேட்ட கேள்வி அது. பையனின் முகம் எனக்குத் தெரிகிறது. தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான், பக்கத்து அறையில் பாட்டியோடு தூங்குகிறான் என்பதெல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் வராது. வாயைத் திறந்தால் 'புதன்கிழமை' என்றோ 'பூட்டு' என்றோ சம்பந்தமில்லாத ஒரு சொல் விழும். அது தப்பு என்பதும் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் பெயரைத் தேடிக்கொண்டு படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் கொடியவை.

சில இரவுகளில் அந்த அந்நிய உணர்வுக்கு நேர்மாறாக இருக்கும். கணவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவது, தெருக்கோடியில் நாய் குரைப்பது, அத்தை கதவருகில் வந்து நின்று "இப்ப தேவலையா?" என்று கேட்பது, எல்லாமே இதே வரிசையில் முன்பே நடந்து முடிந்தவை என்று அடித்துச் சொல்லத் தோன்றும். யாரோ கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறார் என்று தோன்றிய இரவும் உண்டு. திரும்பிப் பார்த்தால் சுவர்தான். ஆனாலும் ஆள் நிற்கும் உணர்வு உடனே போகாது.

எல்லாவற்றிலும் கனமானது துக்கம். நெருங்கிய யாரோ இறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை என்பது போன்ற துக்கம். அதோடு ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். என்ன குற்றம் என்று தெரியாது, ஆனால் பெரிய குற்றம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போதும் அது நெஞ்சில் கிடக்கும். பிள்ளைகள் சிரித்தால் அழுகை முட்டும். மத்தியானத்துக்கு மேல் எதுவும் செய்யாமலே தானாகக் கரைந்து போகும்.

இவை எங்கிருந்து வருகின்றன என்று பல வருடம் எனக்குத் தெரியாது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் விளக்கிய பிறகுதான் பிடிபட்டது. வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக, கட்டுக்கடங்காமல், ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுவது. அதை நிறுத்துவதும் மூளைதான். நிறுத்திய பிறகு அது உடனே பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில் ஈ.ஈ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு எடுத்தால் அலைகள் மிக மெதுவாக இருப்பதைக் காணலாம். வலிப்பு பாதித்த பகுதிகளில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆக்சிஜன் குறைந்துவிடக்கூடும் என்று கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். மூளையின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் மீள்வதுமில்லை. பேச்சுக்கான பகுதி தாமதித்தால் சொல் வராது. பொட்டுப் பக்கத்து மூளை மடலில் நினைவும் அச்சமும் பரிச்சய உணர்வும் அடுத்தடுத்து இருக்கின்றன. அது தடுமாறினால் பழகிய அறை அந்நியமாகும், புதிய கணம் பழையதாகும், காரணமில்லாத பயம் எழும். கை காலை இயக்கும் பகுதி களைத்தால் ஒரு பக்கம் சற்று நேரம் செயலிழக்கும். இதை லண்டன் மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் 1849ஆம் ஆண்டிலேயே தம் சொற்பொழிவில் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி பெரிது. காரணம் தெரியாத துக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. நான் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியை வாசித்த தமிழர்கள் ஏராளம். 'இடியட்' நாவலின் நாயகன் மிஷ்கின் வலிப்புக்குச் சற்று முன் அடையும் பேரானந்தத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் தஸ்தயேவ்ஸ்கிக்கே வலிப்பு பெரும்பாலும் இரவில்தான் வந்தது. வந்த தேதியையும் அதன்பின் வந்த மனச்சோர்வையும் அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வலிப்புக்குப் பின் தம்மை ஒரு குற்றவாளியாக, ஏதோ பெரும் பாதகம் செய்தவராக உணர்வதாக நண்பர் ஸ்த்ராகவிடம் சொல்லியிருக்கிறார். வலிப்புக்குப் பிந்தைய அவருடைய மரண பயத்தை மனைவி அன்னா 1867ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். வலிப்புக்கு முந்தைய அந்த ஒளியைக் கொண்டாடும் நாம், பிந்தைய இருட்டில் அவர் எத்தனை நாட்கள் கிடந்தார் என்பதைப் பேசுவதில்லை. ஸ்த்ராகவ் சொன்ன அந்தக் குற்ற உணர்வைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். அவரும் ஒரு மருத்துவர். ஜாக்சன் 1888இல் 'பிரெய்ன்' இதழில் அவரை இஸட் என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பிடுகிறார். நோயாளி ஒருவரைச் சோதிக்கும் நேரத்தில் இஸட்டுக்கு வலிப்பு வந்துவிட்டது. உடம்பு விழவில்லை, நினைவு மட்டும் போய்விட்டது. தெளிந்தபோது எழுதுமேசையில் இருந்தார். இடையில் நடந்தது எதுவும் ஞாபகமில்லை. குறிப்பை எடுத்துப் பார்த்தால், இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. மறுபடி போய்ச் சோதித்தார். அது சரியாகவே இருந்தது. தமக்கு நேர்ந்தவற்றையெல்லாம் இஸட் ஒளிக்காமல் எழுதி வைத்தார். வலிப்பில் சிலருக்கு வரும் கனவு போன்ற நிலையை மருத்துவம் புரிந்துகொள்ள அவருடைய குறிப்புகள் பெரிதும் உதவின. நோயாளி வாய் திறந்தால்தான் மருத்துவமும் வளரும்.

நம் வீடுகளில் வாய் திறப்பது எளிதல்ல. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். தெளிந்தபின் பெண் ஏதாவது உளறினால் காத்துக் கருப்பு என்கிறார்கள். தலைமாட்டில் ஆள் நிற்கிறார் என்று அவள் சொல்லிவிட்டால் போதும், மறுநாளே மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் மூச்சே விடக்கூடாது. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டார்கள். வீட்டுக் கூடங்களில் அது இன்னும் நீங்கவில்லை. அதனால் பலரும் வலிப்பையே மறைக்கிறார்கள். அதன்பின் வந்த நினைப்புகளை எப்படிச் சொல்வார்கள்? பைத்தியம் என்று பேராகிவிடும் என்ற பயத்தில் விழுங்கிக்கொள்கிறார்கள்.

சொன்னால் என்ன பயன் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வலிப்பு வந்த நேரத்தையும் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் கணவர் எழுதுவார். அதன்கீழே, அதன்பின் என்ன தோன்றியது, எந்தச் சொல் வரவில்லை, எந்தக் கை கனத்தது, எப்போது சரியானது என்று நான் எழுதுவேன். மருத்துவர் என் பகுதியைத்தான் நிதானமாகப் படித்தார். வலிப்புக்குப் பின் சொல் வராமல் போவதும் வலக்கை கனப்பதும், வலிப்பு மூளையின் இடப்பக்கத்தோடு தொடர்புள்ளது என்பதற்கான தடயங்கள் என்றார். நான் வெட்கப்பட்டு மறைத்திருந்தால் அந்தத் தடயம் அவருக்குக் கிடைத்திருக்காது. மனநிலை மாற்றத்துக்குச் சில வேளை மாத்திரையும் காரணமாகலாம். லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும். எது நோயால், எது மருந்தால் என்று பிரித்துப் பார்க்கவும் அந்த நோட்டுதான் உதவுகிறது. ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும்.

எல்லா நினைப்பும் தானாகக் கரையும் என்று விட்டுவிடவும் முடியாது. வலிப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் நன்றாகத் தெளிந்திருந்துவிட்டு, அதன்பிறகு திடீரென்று சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, தூக்கமின்மை, ஆவேசம் என்று சிலருக்குத் தொடங்கும். இதற்குச் சிகிச்சை உண்டு. தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமலே அடுத்தது வந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இரவு வலிப்புக்காரர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோகிறார். பெரும்பாலும் அது தூக்கத்தில், யாரும் அருகில் இல்லாதபோது நடக்கிறது. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு கட்டுக்குள் வராதவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதனால் அதே அறையில் ஒருவர் படுப்பது நல்லது. வலிப்பு வந்தால் வாயில் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நிற்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். மாத்திரையும் தூக்கமும் தவறக் கூடாது. கல்யாண வீட்டில் விடிய விடிய விழித்திருப்பதையும் சிவராத்திரிக் கண்விழிப்பையும் நான் விட்டு வெகுகாலமாயிற்று.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையாகச் சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவரைக்கும், அப்படி அமையாதவர்களுக்குக் காலம் முழுக்க, வலிப்புக்குப் பிந்தைய அந்த மணிநேரங்கள் இருக்கவே செய்யும்.

உங்கள் வீட்டில் இரவு வலிப்பு வருகிறவர் இருந்தால், தெளிந்ததும் "நான் யாரு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, "வலிப்பு வந்துச்சு, நின்னுடுச்சு, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான். மறுநாள், அவர் காப்பி குடித்து முடித்த பிறகு, "நேத்து முழிச்சதும் உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் சிரிக்காமல், பயப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.