மலையில மூங்கில்... ஆற்றுல பரிசல்!
பெரக்கரை நாட்டிலிருந்து பூலாம்பட்டித் துறை வரை

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று பெரக்கரை நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று நீளும் அந்த வரிசையில், வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்படாத பெயர் இது. பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளியும் சாமையும், மர நிழலில் காபி, மரத்தைப் பிடித்து ஏறும் மிளகு என்று மலை முழுக்க வெள்ளாமைதான். தண்ணீருக்கும் குறைவில்லை. ஆனால், அந்தத் தண்ணீர் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பாறைக்குப் பாறை தாவி ஓடுகிறது. ஆகாய கங்கையில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுந்து, அய்யாறாகிப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிவிடுகிறது.

அதனால், மலையில் படகு என்றால் செம்மேட்டுப் பக்கம் வாசலூர்பட்டியில் இருக்கும் படகு இல்லம்தான் நினைவுக்கு வரும். சுற்றுலா வருகிறவர்கள் சின்ன ஏரியில் காலால் மிதித்து ஒரு சுற்று வந்து இறங்கும் படகு அது. சொந்தமாகப் படகு வைத்து, அதைப் பராமரித்து, அதை நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காவிரிக் கரைக்குப் போக வேண்டும்.

பாலம் இல்லாத துறை

ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாகப் போனால் பூலாம்பட்டி. இந்தக் கரை சேலம் மாவட்டம். எதிரே தெரியும் நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். கண்ணுக்கு எட்டும் தூரம்தான். ஆனால், சாலை வழியே சுற்றிப் போனால் நேரமும் பெட்ரோலும் செலவாகும். அதனால், ஆட்களையும் இரு சக்கர வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் இங்கே கரைக்குக் கரை போய் வருகின்றன. மறு கரையில் காடு வைத்திருப்பவர், பெண் கொடுத்து எடுத்தவர், பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள் என எல்லோருக்கும் அதுதான் வழி.

மேட்டூர் அணைக்குக் கீழே மின்சாரம் எடுப்பதற்காக வரிசையாகக் கதவணைகள் கட்டப்பட்டிருக்கின்றன. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் அவை இருக்கின்றன. கதவணையில் தண்ணீர் தேங்குவதால்தான் பூலாம்பட்டியில் ஆறு ஏரிபோலப் பரந்து நிற்கிறது. பராமரிப்புக்காகத் தண்ணீரை வெளியேற்றும் நாள்களில் பாறை தெரியும். படகும் நின்றுவிடும். ஆக, இங்கே படகு வைத்திருப்பவருக்கு வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், கதவணையை எப்போது அடைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

விசைப்படகு வருவதற்கு முன்பும், இன்றைக்கு விசைப்படகு போகாத இடங்களிலும் ஆற்றைக் கடத்திவிடுவது பரிசல்தான். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதும் பரிசல். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில், மீன்வளத்துறை உரிமம் பெற்று மீன் பிடிப்பவர்களிடம் இருப்பதும் பரிசல்.

பரிசல் என்பது பெரிய கூடை

கூடை முடையத் தெரிந்த மலைக்காரர் ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தால், ‘இது நம்ம கூடைதானே!’ என்பார். வேலை அதே வேலைதான். மூங்கிலைப் பிளந்து பட்டையாக்கி, தரையில் பரப்பிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் கல்லை வைத்து அழுத்தி, ஓரங்களை மேல்நோக்கி வளைத்து, விளிம்பில் தடித்த வளையம் வைத்துக் கட்டிவிட்டால் கூடு தயார். சாதாரணமாக 7 அடி அகலம் இருக்கும். முன்பு இதன்மேல் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளும் சாக்கும் போர்த்தித் தார் பூசினார்கள். இப்போது பல இடங்களில் ஃபைபர் பரிசல் வந்துவிட்டது.

இது நேற்று வந்த தொழில்நுட்பம் இல்லை. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியப் பயணி டொமிங்கோ பயஸ், கூடைபோல வட்டமாக, தோல் போர்த்திய படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். 15, 20 பேர் ஏறுவார்களாம். தேவைப்பட்டால் குதிரையும் மாடும்கூட அதில் அக்கரை போகுமாம். ஈராக்கின் டைக்ரிஸ் ஆற்றிலும், இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸிலும் இதே மாதிரி கூடைப் படகுகள் இருந்திருக்கின்றன.

வட்டமாக இருப்பதில் காரணம் இருக்கிறது. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். பாறையில் மோதினாலும் சுழன்று விலகிப் போய்விடும். எடை குறைவு என்பதால் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடலாம். குறை என்று பார்த்தால், மூக்கும் வாலும் இல்லாததால் நேராகப் போகாது. பழகாதவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். போக வேண்டிய திசையைப் பார்த்து முன்பக்கம் உட்கார்ந்து, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போவதுதான் முறை.

கெடுப்பது ஆறு அல்ல, கரை!

பரிசல் தண்ணீரில் கெடுவதைவிடக் கரையில் கெடுவதுதான் அதிகம். வேலை முடிந்ததும் அப்படியே கல்லின்மேல் இழுத்துப் போட்டுவிட்டுப் போனால், அடியில் இருக்கும் தார் தேய்ந்து, தாள் கிழிந்து, மூங்கிலில் ஈரம் ஏறும். ஈரம் ஏறிய மூங்கில் மட்கும். அதனால், இழுக்காமல் தூக்க வேண்டும். கரையில் கவிழ்த்து, அடியில் இரண்டு கட்டை கொடுத்துக் காற்றோட்டமாக வைக்க வேண்டும். நிழலில் வைப்பது முக்கியம். வெயிலில் தார் இளகும், பிளாஸ்டிக் நொறுங்கும், ஃபைபரும் நாளாக நாளாக வெளிறி வெடிப்பு விடும்.

ஃபைபர் பரிசலில் கீறல் விழுந்தால் உடனே ஃபைபர் பாயும் ரெசினும் வைத்து ஒட்டிவிட வேண்டும். மூங்கில் பரிசலில் விளிம்புக் கட்டுதான் உயிர். கட்டு தளர்ந்தால் கூடு நெகிழும், கூடு நெகிழ்ந்தால் தாரில் வெடிப்பு விழும். எனவே, தண்ணீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பைச் சுற்றிக் கை வைத்து அழுத்திப் பார்ப்பது நல்லது. உள்ளே வெள்ளையாக மாவு கொட்டிக் கிடந்தால், மூங்கிலை வண்டு குடைகிறது என்று அர்த்தம்.

அந்த வண்டுக்கான வைத்தியம் மலையிலேயே ஆரம்பிக்கிறது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறது. இளம் கழியை வெட்டக் கூடாது. மூன்று, நான்கு வருடம் முற்றிய கழியாகப் பார்த்து, மழை முடிந்த பிறகு வெட்ட வேண்டும். வெட்டிய கழியைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்து போகும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் நனைத்தெடுத்தால் இன்னும் நாள் தாங்கும். கூடைக்கும், ஏணிக்கும், பந்தல் காலுக்கும் இதே பக்குவம்தான்.

பெரக்கரை நாட்டு விவசாயிக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2017-ம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வனத்துக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற கணக்கில் வராது. பட்டா நிலத்து ஓரத்தில் மூங்கில் வைப்பவருக்கு இது ஆறுதல். வனத்துக்குள் இருக்கும் மூங்கிலில் கை வைப்பது வேறு கதை, அது குற்றம். சொந்த மூங்கிலாக இருந்தாலும், வெட்டி மலையிறக்கும் முன்பு வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

பரிசலை நம்பிய ஊர்

பரிசல் என்றால் வேடிக்கை என்று நினைப்பவர்கள் தெங்குமரஹாடாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊர், கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தால் உருவான விவசாயக் கிராமம். பவானிசாகரிலிருந்து காட்டு வழியாகப் போய், கடைசியில் மாயாற்றைக் கடந்தால்தான் ஊர். வாழையும் மஞ்சளும் மிளகாயும் விளையும் அந்த ஊருக்கு வெள்ள காலத்தில் பரிசல்தான் பாதை. ஆறு பொங்கினால் அதுவும் இல்லை. பிரசவ வலி வந்தவரும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் தண்ணீர் வடியும் வரை காத்திருக்க வேண்டிய நிலை. சாலை வருவதற்கு முன்பு மலைக்காரர்கள் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கியது போலத்தான் இதுவும். அங்கே பரிசலில் ஒரு ஓட்டை விழுந்தால், அது ஊருக்கே விழுந்த ஓட்டை.

‘ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பின்னே நீ யாரோ, நான் யாரோ’ என்பார்கள். பரிசலில் அந்த அண்ணன் தம்பி உறவு கொஞ்ச நேரமாவது உண்மையாக இருந்தாக வேண்டும். ஒருவர் எழுந்து நின்றால் எல்லோருக்கும் ஆபத்து. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். அதனால்தான் எதிரெதிரே, தரையோடு தரையாக உட்காரச் சொல்கிறார்கள். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுவதும் இதனால்தான். அன்றைய வருமானம் போகிறதே என்று வருத்தம் இருக்கும். ஆனால், சுழலில் சிக்கிய பரிசலைத் துடுப்பால் மீட்க முடியாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மலைக்குத் திரும்பும்போது...

காவிரிக் கரையில் பார்த்ததை மலைக்குக் கொண்டுபோனால் என்ன பயன் என்று கேட்கலாம். பண்ணைக்குட்டை வெட்டி மீன் விடும் விவசாயிகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தீவனம் போடவும், வலை இழுக்கவும், பாசி அள்ளவும் ஒரு சிறிய பரிசல் போதும். ஆனால், தாள் விரித்த குட்டையில் விழுந்தவர் கரையேறுவது கடினம். கால் வழுக்கிக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார். ஆற்றில் பரிசல் ஓட்டுபவர் காட்டும் கவனத்தைக் குட்டையிலும் காட்டத்தான் வேண்டும்.

மூங்கில் மலையில் பிறக்கிறது. ஆகாய கங்கைத் தண்ணீரும் மலையில்தான் பிறக்கிறது. இரண்டும் கீழே காவிரிப் பக்கம் இறங்கிய பிறகு, ஒன்றின்மேல் ஒன்று மிதக்கிறது. நடுவில் நிற்பது அதைப் பின்னித் தார் பூசும் மனிதரின் கை. அந்தக் கைக்கு வேலை தொடர்ந்து இருக்குமா என்பது, மேலே மூங்கில் வைப்பவரையும் கீழே பரிசல் ஏறுபவரையும் சேர்த்தே இருக்கிறது.

பரிசல் வைத்திருப்போர் கவனத்துக்கு...

* உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இன்ஜின் இல்லாத கலங்களையும் உள்ளாட்சி அளவில் பதிவு செய்ய வழி சொல்கிறது. ஆள் ஏற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஊராட்சியில் விசாரியுங்கள். பல இடங்களில் பரிசல் துறை ஏலம் விடப்படுகிறது.
* அணை, நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க மீன்வளத்துறை உரிமம் வேண்டும்.
* ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் ஏறாதீர்கள், ஏற்றாதீர்கள்.
* அணை திறப்பு அறிவிப்பு வந்த பிறகு ஆற்றில் இறங்க வேண்டாம். ஆடிக் காற்றில் பெரிய நீர்ப்பரப்பின் நடுவே போக வேண்டாம். இருட்டிய பிறகும், குடித்துவிட்டும் பரிசல் எடுக்கவே வேண்டாம்.
* பரிசலில் எப்போதும் ஒரு கூடுதல் துடுப்பு, நீளக் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு டப்பா இருக்கட்டும்.
* பண்ணைக்குட்டையின் நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு வையுங்கள். காற்றடைத்த பழைய டியூப் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். சுற்றிலும் வேலி போட்டால் பிள்ளைகளும் ஆடு, மாடுகளும் தப்பிக்கும்.