பெற்றோர் விருந்தினரா?

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளைச் சொல்லுமிடத்தில், புதிதாகப் புனையப்படும் யாப்புக்கு 'விருந்து' என்றே பெயர் தருகிறார். முன்பின் அறியாதவராய் நம் வாசலுக்கு வருகிறவர் விருந்தினர் எனப்பட்டதும் இப்பொருள் பற்றியே. அறிந்தவரைப் பேணுவது இயல்பு; அறியாதவரைப் பேணுவதன்றோ அறம்!

அப்படியாயின், பெற்ற தாயும் தந்தையும் மகன் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கும்போது அவர்களை என்னவென்று சொல்வது? அவர்கள் நமக்குப் புதியவர் அல்லர். உண்மையில், என்றோ ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் புதியவராய், முகமறியாதவராய் வந்து சேர்ந்தவர் நாம். விருந்து என்ற சொல் அவர்களைவிட நமக்கே பொருந்தும்.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. எங்கள் ஊர் கீழக்கரை. அங்குள்ள பலரைப் போலவே என் வாப்பாவும் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார்கள், ஒரு மாதமோ நாற்பது நாளோ இருப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் வரும் நாளில் உம்மா நெய்ச்சோறு ஆக்குவார்கள், புதுப்பாய் விரிப்பார்கள், எங்களைச் சத்தம் போடாதிருக்கச் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடையை ஒப்படைத்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி. அவ்வளவே நான் அறிந்தது.

இப்போது வாப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, உம்மாவுக்கு எழுபத்தாறு. சென்ற குளிர்காலத்தில் பத்து நாள் தங்குவதற்காக வாணியம்பாடிக்கு வந்தார்கள். அரபும் தமிழும் கற்பித்துக்கொண்டு நான் இவ்வூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். சென்னை வரை சென்று நானே அழைத்து வந்தேன். உம்மாவின் பையில் பாதி எடை தொதல். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கை வலிக்கக் கிண்டியது. விருந்தாளி வெறுங்கையோடும் வரலாம். தாய் அப்படி வருவதில்லை.

பேரப்பிள்ளைகள் முன்னதாகவே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆம்பூரில் பிரியாணி, ஒருநாள் ஏலகிரி மலை, ஒருநாள் வேலூர்க் கோட்டை என்று அது நீண்டது. வாப்பா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். "விருந்துக்கு மூணு நாள்தானே கணக்கு? நாலாம் நாள்லேருந்து எங்களுக்கு ஸதகாவா?" என்று கேட்டார்கள். விருந்தின் உரிமை மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்ற நபிமொழியை வைத்து அவர்கள் செய்த வேடிக்கை அது. எல்லாரும் சிரித்தோம். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு கூச்சம் இருந்தது. மகன் வீட்டில் தமக்குள்ள இடம் எது என்று முதுமை கேட்கும் கேள்வி அது.

ஆம்பூருக்கு அரைமணி நேரப் பயணம். கடையில் உம்மா பெஞ்சின் விளிம்பிலேயே அமர்ந்தார்கள். அறுபதாண்டுக் காலம் பிறர் தட்டைப் பார்த்துப் பரிமாறியவருக்கு, யாரோ ஓர் இளைஞன் வந்து தமக்குப் பரிமாறுவது புதிது. சீரகச்சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் நிறம், பக்கத்தில் புளிப்பேறிய கத்தரிக்காய், தயிர் வெங்காயம். இரண்டு வாய் உண்டதும் தம் தட்டிலிருந்த நல்ல துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்கள். "இந்தத் துண்டுதான் உனக்குப் புடிக்கும்" என்றார்கள். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. என் மாணவர் இருவர் எதிர் மேசையில் இருந்தனர். நான் உண்டேன்.

பிறகு பண்டாரியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தேங்காய்ப்பால் துளியும் சேராமல் இந்த ருசி எப்படி என்று உம்மா கேட்க, மிளகாயை அரைக்கும் பக்குவத்தையும் சோற்றை வடித்துத் தம் போடும் முறையையும் அவர் சொல்ல, ஏதோ பழைய சொந்தக்காரர்கள் போல இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எங்கள் வீட்டு அடுப்படி உம்மாவின் வசமாயிற்று. என் மனைவி, "நீங்க உட்காருங்க மாமி" என்று தடுக்கவில்லை. அகப்பையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொண்டாள். அதைவிடப் பெரிய உபசாரத்தை நான் கண்டதில்லை.

கடையில் பணம் கொடுக்கும் வேளையில் வாப்பா முந்திக்கொண்டார்கள். "கொழும்புல இருந்த காலத்துல உங்களை ஒருநாள்கூடக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு வாங்கித் தரலையே!" என்றார்கள். நான் சட்டைப்பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை.

இவ்விடத்தில் அரபுச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு அரபியில் 'ளைஃப்' என்று பெயர். அதன் வேர்வினைக்குச் சாய்தல், ஒன்றை நோக்கி ஒருக்களித்தல் என்பது பொருள். சூரியன் மறைவை நோக்கிச் சாய்வதற்கும் அவ்வினை ஆளப்படும். தமிழ்ச் சொல் வருகிறவரின் புதுமையைப் பார்க்கிறது. அரபுச் சொல் இருவருக்கிடையே நிகழும் சாய்வைப் பார்க்கிறது. இதே வேரிலிருந்துதான் நஹ்வு இலக்கணத்தில் நாம் ஓதும் 'இளாஃபத்' என்ற சொல்லும் வந்தது. ஒரு பெயரை இன்னொரு பெயரோடு சேர்ப்பது அது. 'கிதாபுன்' என்றால் ஒரு புத்தகம். அதை ஸைதோடு சேர்த்தால் 'கிதாபு ஸைதின்', ஸைதுடைய புத்தகம், என்றாகும். முதற்பெயர் தன் ஈற்றில் ஒலித்த தன்வீனை இழந்தாலன்றி அச்சேர்க்கை நிகழாது. ஆண்டுதோறும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. பிறரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறவன் தனக்கென்று வைத்திருந்த ஓர் ஒலியை விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டியலாக இருக்கலாம், பணம் கொடுக்கும் பெருமையாக இருக்கலாம், அடுப்படியின் ஆட்சியாக இருக்கலாம். பெற்றோர்முன் சிறகு தாழ்த்தும்படி திருமறை பணிப்பதும் இச்சாய்வையே அல்லவா?

ஏலகிரிக்கு ஐந்தாம் நாள் போனோம். 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் அம்மலை இருக்கிறது. பொன்னேரியிலிருந்து மேலேறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் அங்கே வளைவுக்கு ஒருவராய் நிற்கிறார்கள். வாப்பா ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தார்கள். "இத்தனை வள்ளலுக்கு வளைவு இருக்கு, நம்ம ஊர் சீதக்காதிக்கு எங்கே?" என்றார்கள். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடச் செய்த வள்ளலின் ஊர்க்காரர் அல்லவா! "பதினஞ்சாவது வளைவு போட்டா வைப்பாங்க வாப்பா" என்றேன். மேலே குளிர்காற்று அடித்ததும் தம் சால்வையை எடுத்து உம்மாவின் தோளில் போட்டார்கள். பேகனை யாரும் அப்போது நினைவூட்டவில்லை.

மலைமேல் மங்கலம் என்னும் சிற்றூரிலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஒற்றையடிப் பாதை செல்கிறது. ஏலகிரியில் அதுவே உயர்ந்த முடி. கடலோரச் சமதரையில் பிறந்து வளர்ந்த வாப்பாவுக்கு மலையேறிப் பார்க்கும் ஆசை. ஊன்றுகோலோடு சிறிது தூரம் நடந்தார்கள். நூறடிக்கு ஒருமுறை நின்றோம். நிற்கும் இடமெல்லாம் ஏதாவது ஒரு மரத்தின் பெயர் கேட்பார்கள். மூச்சு வாங்குவதை மறைக்க அது ஒரு வழி என்று எனக்குத் தெரியும். தெரிந்த பெயர்களை மெல்லச் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு பாறையில் இருவரும் அமர்ந்துவிட்டார்கள்.

"நீ ஏறிட்டு வா, தம்பி. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றார்கள் வாப்பா.

"நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கேன் வாப்பா. உங்களோடயே இருக்கேனே."

"அதுக்கில்லை. நீ நடை பழகினதை நான் பார்க்கலை. உம்மா கடுதாசியில எழுதினதைப் படிச்சதுதான்."

உம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கடிதங்களை அவர்கள் அரபுத்தமிழில் எழுதுவார்கள். அரபெழுத்தில் தமிழ் ஓடும். என் முதல் பல்லும் முதல் நடையும் குர்ஆன் ஓத நான் தொடங்கிய நாளும் அப்படித்தான் கடல் கடந்து போயிருக்கின்றன.

நான் ஏறினேன். உச்சிக்குப் போகவில்லை, அவர்கள் கண்ணுக்குத் தெரியும் எல்லைவரை போய்த் திரும்பி நின்று கையசைத்தேன். கீழே பாறைமேல் ஊன்றுகோல் ஒன்று உயர்ந்து ஆடியது. மலைக்காட்சி காண வந்தவர்கள் மலையைப் பார்க்கவில்லை. அவர்கள் காண வந்தது வேறு.

இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் வாழ்கிறார்கள். பெற்றோர் அங்கே போய்த் தங்கி வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட ஊரும் உண்டு. வாங்கித் தர உணவும் உண்டு. இவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்களுக்கும் ஆம்பூரும் ஏலகிரியும் வேண்டியிருந்தன. நடைக்கு முன் வழியில் உட்கார இடம் உண்டா, ஒளுச் செய்யத் தண்ணீர் உண்டா, வெயிலேறுமுன் திரும்ப முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் பல்லுக்கு இதமான உணவு எது என்று கேட்டறியுங்கள். மருந்து வேளையை மறவாதிருங்கள். இவையெல்லாம் விருந்தோம்பலில் அடங்கும்; யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. கொடுத்தே பழகிய கைகளை வாங்க மட்டும் பணித்தால், அக்கைகள் தாம் அயல் வீட்டில் இருப்பதாகவே உணரும். அவர்கள் நீட்டும் துண்டை உண்ணுங்கள். நீட்டும் பணத்தைத் தடுக்காதீர்கள். உங்கள் அடுப்படியில் உப்பு ஒரு கல் கூடினால் கூடட்டும். அவர்கள் உங்களை எங்கிருந்து பார்க்க விரும்புகிறார்களோ, அந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவிலேயே நில்லுங்கள். மூன்று நாள் கணக்கு விருந்தினருக்கு உரியது. பெற்றோருக்கு நாளெண்ணும் கணக்கு நம் நூல்கள் எதிலும் இல்லை.