கூரையைப் பற்றவைக்கலாமா?

ஒரு காருக்குக் கூரை எலும்பா, தொப்பியா? கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். கட்டமைப்புகளின் இணைப்புகளை ஆய்வு செய்கிற எனக்கு, சென்ற மழைக்காலத்தில் கொல்கத்தாவில் இதற்கு விடை சொல்லியே தீரவேண்டிய நிலை வந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய ஒரு வண்டியின் கதி அந்த விடையில் இருந்தது.

லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான கார் அது. அவருடைய தந்தையார் சென்னையில் வாங்கி, பணி மாற்றலாகி வந்தபோது இங்கே கொண்டுவந்திருக்கிறார். அதன் கூரை போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. கழற்றினால் திறந்த கார். இளமையில் மார்கழி, தை மாதங்களில் கூரையைக் கழற்றிவிட்டு டயமண்ட் ஹார்பர் வரை ஓட்டிப்போவாராம்; கோடைப்புயல் தொடங்குமுன் மீண்டும் பூட்டிவிடுவாராம்.

இப்போது ரப்பர் பட்டைகள் இறுகிவிட்டன. மழைநீர் உள்ளே இறங்கித் தரைத்தகடு துருப்பிடிக்கிறது. கூரையைச் சுற்றிலும் பற்றவைத்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசி நிரந்தரமாக மூடிவிடலாம் என்பது மகளின் யோசனை. வண்டி அழிந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. பெரியவர் என்னிடம் கேட்டார்: "நீ இதத்தானேப்பா படிக்கிறே? பத்தவெச்சு மூடிடலாமா?"

விடை தேட, அந்த போல்ட்டுகள் ஏன் வந்தன என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரயம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்த பிஷர் அண்டு லட்லோவை, 1953இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. முழு உடற்கூட்டையும் ஒன்றாக அடித்துத்தர ஆலை இல்லாத நிலையில், தனிச் சேசிஸ் ஒன்றின்மேல் வெவ்வேறு ஆலைகளில் செய்த பகுதிகளை போல்ட்டுகளால் இணைக்கும் பழைய வழிக்கு அந்நிறுவனம் திரும்பியது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959இல் ஹெரால்டு வெளிவந்தது. பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அடைத்துக் கடல்தாண்டி அனுப்பவும் அதுவே வசதியாயிற்று. இந்தியாவில் மட்டும் அதற்கு நான்கு கதவு வடிவம் பின்னாளில் உருவானதும் சுமையைச் சேசிஸ் தாங்கியதால்தான்.

அதே சேசிஸைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரைச் செய்தார்கள். கழற்றி மாட்டும் கடினக் கூரையைத் தனியே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நிலையான கூரை போட்டு மிக்கெலோட்டி ஒரு மாதிரியைச் செய்தபோது எடை கூடியது. நான்கு சிலிண்டர் எஞ்சின் திணறியது. எனவே இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 1966இல் ஜிடி6 என்று வெளியிட்டார்கள். கூரையை மூட எஞ்சினையே மாற்றவேண்டி வந்தது.

இனி இயக்கவியல். மூடியில்லாத அட்டைப்பெட்டி ஒன்றை இரு முனைகளிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் நெளியும். மூடியை மேலே வைத்துவிட்டு முறுக்கினாலும் நெளியும். மூடியின் நான்கு விளிம்புகளையும் ஒட்டிய பிறகே பெட்டி விறைக்கும். மூடி இருப்பதால் மட்டும் வலிமை வருவதில்லை. விளிம்பு வழியே நழுவுவிசை கடந்து செல்லவேண்டும். கழற்றும் கூரைத் தகடுகளுக்குப் பதிலாக ஒரே தகட்டை ரப்பர்மேல் அமர்த்தினால் மழை நிற்கும், விறைப்பு அவ்வளவாகக் கூடாது. சுற்றிலும் ஒட்டினால் அல்லது பற்றவைத்தால் விறைப்பு கூடும். அதோடு, அதுவரை கூரை அறியாத விசையும் அதற்குள் புகும்.

இங்கேதான் வண்டிக்கு வண்டி விடை மாறுகிறது. கங்கைக்கரை உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடரில் உடற்கூடுதான் எலும்பு. கூரை அதில் ஓர் உறுப்பு. அதை அறுத்தவர்கள் கதவுக்குக் கீழுள்ள பகுதியை வலுப்படுத்தியாகவேண்டும். அறுத்ததை மீண்டும் பற்றவைத்தால் இழந்த வலிமை ஓரளவு திரும்பும். சென்னையின் ஹெரால்டு அப்படியன்று. அதன் சேசிஸ் நெளிந்து கொடுக்கும் இயல்புடையது. கூரை அந்த நெளிவுக்கு வழிவிட்டு மேலே அமர்ந்திருக்கிறது.

மல்லிக் பஜாரில் பழைய வண்டிகளோடு வாழ்நாளைக் கழித்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். கூரையும் கண்ணாடிச் சட்டமும் சேரும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். கோடு இரண்டாகப் பிரிந்து மயிரிழை விலகி நின்றது. இறக்கியதும் சேர்ந்துகொண்டது. டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும் ஒவ்வொரு முறையும் இந்த விலகல் நிகழ்கிறது. "கீழே நெளிகிற வண்டிக்கு மேலே பூட்டுப்போட்டால் எங்காவது கிழியும்" என்று இந்தியில் சொன்னார். கூரைத்தூணின் அடியைக் காட்டி, கிழிவது இங்கேதான் என்றார். என் கணக்கு சொல்லக்கூடிய இடமும் அதுவே.

சட்டமும் குறுக்கே நின்றது. தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை மரபு வாகனங்களாகப் பதிய வகைசெய்யும் 2021ஆம் ஆண்டு விதியோ, சேசிஸிலும் உடற்கூட்டிலும் மாற்றம் கூடாது என்கிறது. வண்டியைக் காக்கவென்று வைக்கும் நெருப்பு, அதற்கு உரிய பாதுகாப்பையே பறித்துவிடலாம்.

பற்றவைக்க வேண்டாம் என்றேன். மகள் விடவில்லை: "சரி, துருவுக்கு என்ன வழி?" நியாயமான கேள்வி. வேண்டாம் என்பது மட்டும் பொறியியல் விடையாகாது. தரைத்தகட்டில் அழிந்த பகுதிகளை வெட்டி மாற்றினோம். புதிய ரப்பர் பட்டை, உலர்ந்த பின்னும் நெகிழ்ந்திருக்கும் பசை, துருவேறாத புதிய போல்ட்டுகள். ஆவணி மழையில் ஓரிரு துளிகள் இன்னும் விழுந்தன. மகள் இருக்கைமேல் ஒரு துண்டை விரித்துவைத்திருக்கிறார். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அதை நான் மறைக்கவில்லை.

நம் பாடநூல்கள் இணைப்புகளை இரண்டாகப் பிரித்துக் கற்பிக்கின்றன: முற்றிலும் விறைப்பானது, தடையின்றித் திரும்புவது. உண்மையான இணைப்புகளில் பெரும்பாலானவை இரண்டுக்கும் இடையில் கிடக்கின்றன. அந்த இடைவெளியில்தான் பல கட்டமைப்புகள் பிழைத்திருக்கின்றன. ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒன்று சொல்வேன். எதையாவது வலுப்படுத்தச் சொல்லி உங்களிடம் வந்தால், எவ்வளவு விறைப்பாக்கலாம் என்று கணக்கிடுமுன், இதுவரை எங்கே நெளிந்து தப்பித்தது என்று பாருங்கள். அதற்கு ஒரு பென்சிலும் ஒரு ஜாக்கியும் போதும்.