மலைக்கு ஒரு பயணம்

நாங்கள் ஐந்து பெண்கள், போயாவுடன் சேர்ந்து வரும் வார விடுமுறையில் ஸ்கூட்டியில் நுவரெலியா போகத் திட்டமிடுகிறோம். கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் தம்புள்ளை, அங்கே இரவு தங்கல். மறுநாள் கண்டி, இறம்பொடை ஏற்றம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். எங்களூரில் ஏற்றம் என்றால் குளக்கட்டுதான்!

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். ஸ்கூட்டியில் கியர் மாற்ற வழியில்லை. பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். விட்டு விட்டுப் பிடித்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

2009இன் பின் இந்த வீதியால் நான் போனதெல்லாம் கணவரைத் தேடித்தான். "ஊர் என்ன கதைக்கும்?" என்று மாமி முதலில் முகத்தைத் திருப்பினார். கதைக்கிற ஊர், தேடும்போது கூட வரவில்லை.

எங்களில் ஒருத்தியின் இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. தன்னிடம் விடும்படி நேற்று மாமியே சொல்லியனுப்பினார்.