மூக்கு வழி அறுவையும் ஒரு தண்ணீர்க் கணக்கும்

தியேட்டர்க்காரர்கள் இதை ‘நாலு கை வேலை’ என்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப்பை நாசிக்குள் பிடித்து வழி காட்ட, நரம்பியல் அறுவை மருத்துவர் இரு கையாலும் கருவிகளை ஓட்டுகிறார். எல்லோர் கண்ணும் மானிட்டரில். சென்னை மருத்துவமனை ஒன்றில் அனுமதி வாங்கிச் சுவரோரமாக நின்று பார்த்தேன்.

மேஜையில் ஒரு நடுவயதுப் பெண். பட்டாணி அளவேயான பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அள்ளிக் கொட்டியதில் விரல்கள் தடித்து, மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்றாம். சுரப்பியின் இருபுறமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள், மேலே பார்வை நரம்புகள். உறையைக் கீறுமுன் டாப்ளர் முனையை வைத்துக் கேட்டார்கள். ‘உஷ்… உஷ்’ என்று சத்தம் வந்த பக்கம் கத்தி போகாது. அந்தக் குழாய் கிழிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான். கிழிந்தால் பக்கவாதம், மரணம் எதுவும் நேரலாம்.

1907-இல் இன்ஸ்ப்ருக்கில் ஹெர்மன் ஷ்லாஃபர் தொடங்கிவைத்த வழி இது. நரம்பியல் அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங்கே நூற்றுக்கணக்கில் செய்துவிட்டுப் பிறகு கைவிட்டார். ஆழத்தில் வெளிச்சம் எட்டாத காலம்.

கட்டி இளக்கமாக இருந்ததால் சுரண்டச் சுரண்ட வந்தது. மயக்க மருத்துவர் நுரையீரலில் காற்றழுத்தத்தை ஏற்றிப் பிடித்தபோது குழியின் ஓரத்தில் தெளிந்த நீர் மினுங்கியது. தொடையிலிருந்து கொழுப்பெடுத்து அடைத்தார்கள். மறுபடி அழுத்தம். இந்த முறை கசியவில்லை.

என்னைக் கேட்டால், அறுவையின் மறுபாதி வார்டில்தான் நடக்கிறது. அங்கே மூத்த சிஸ்டர் மணிக்கொரு தரம் சிறுநீரை அளவு ஜாடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். தொடர்ந்து இரண்டு மணி நேரம் 250 மில்லியைத் தாண்டி, பச்சைத் தண்ணீர் போலவும் இருந்தால் டியூட்டி டாக்டருக்கு போன். உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் தடுமாறுகிறது என்று பொருள். பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். சிலர் அந்த ஹார்மோனுக்கு ஈடான டெஸ்மோபிரசின் மருந்தை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிவரும். அந்தப் பெண்ணின் கணவர் பள்ளிக்கூட நோட்டில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று கோடு கிழித்து எழுதிவந்தார். அரை டம்ளர் காபிக்கும் கணக்கு இருந்தது.

“குனிஞ்சு உட்காருங்கம்மா. மூக்குல தண்ணி சொட்டுதா? தொண்டையில உப்புக் கரிக்குதா?” காலையும் மாலையும் இதே கேள்வி. கரித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதோ என்று சந்தேகம். அந்த வழியாகக் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல். அதனால் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், முக்கக் கூடாது. மருந்துச் சீட்டில் மலமிளக்கி இருப்பது இதற்காகத்தான்.

விரல் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. தடித்த எலும்பு பழையபடி ஆகாது. நோய் அடங்கியதா என்பதை மூன்று மாதம் கழித்து ஐ.ஜி.எஃப்.-1 ரத்தப் பரிசோதனை சொல்லும். பெரிய கட்டி பக்கவாட்டில் பரவியிருந்தால் மிச்சம் நின்றுவிடுவதும் உண்டு. பிறகு ஊசி, கதிர்வீச்சு என்று போகும்.

டிஸ்சார்ஜ் அன்று கணவர், “ஆபரேஷன் சூடு தணிய தினம் நாலு இளநீர் குடுக்கச் சொல்றாங்க சிஸ்டர்” என்றார்.

“யார் சொன்னாலும் வேணாம் சார். தாகத்துக்கு மட்டும் குடிக்கட்டும்.”

காரணம் இருக்கிறது. ஒரு வாரம் நெருங்கும்போது நிலைமை தலைகீழாகலாம். அதே ஹார்மோன் மிஞ்சிப்போய் நீர் உடம்பிலேயே தங்கி, ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, வாந்தி, முற்றினால் வலிப்பு. வீட்டுக்குப் போனபின் வருவதால் ‘ஆபரேஷன் அசதி’ என்று விட்டுவிடுகிறார்கள்.

“ஏழாம் நாள் சோடியம் பாக்கணும். உங்க ஊர்ல பாப்பாங்களா?”

“தாலுகா ஆஸ்பத்திரி இருக்கு.”

“ரிசல்ட் அன்னைக்கே வந்துடுமா?”

அது அவருக்குத் தெரியவில்லை. சிஸ்டர் அந்த ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி எடுத்து, தானே போன் போட்டார்.