ஜெயிக்கிற பெண்ணிடம் கேட்கப்படுவது

சின்ன வயதில் அண்ணனோடு கேரம் ஆடுவேன். ரெட்டும் ஃபாலோவும் போட்டு நான் ஜெயிக்கப்போகும் நேரத்தில் அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வரும்: “விட்டுக்குடுத்துப் போடி, ஆம்பளப் புள்ள மொகம் சுண்டிப்போகுது பாரு.” அவன் ஜெயித்த நாட்களில் அந்தக் குரல் வந்ததேயில்லை. தோற்கக் கற்றுக்கொள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஜெயிப்பதற்குக் கூச்சப்பட எனக்குக் கற்றுத்தந்தார்கள்.

போட்டியில் நேர்மை வேண்டும் என்கிறோம். அதை ஆடுகிறவர்களிடம் மட்டுமே கேட்கிறோம். ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் யார் கேட்பது?

2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி சவுந்தரராஜன் வெள்ளி வென்றார். புதுக்கோட்டை மாவட்டத்தில், செங்கல் சூளையில் உழைத்த தலித் குடும்பத்தின் மகள். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. குறுக்கே ஓடியதாகவும் சொல்லவில்லை. பெண்ணாக வளர்ந்து பெண்ணாகவே ஓடியவரின் உடல், ஊர் முழுக்கச் செய்தியானது. 2012இல் அவரும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். “கூட ஓடுன மத்தவங்களுக்கு நியாயம் வேணாமா மேடம்?”

வேண்டும். அது தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. ஆனால் நியாயம் என்றால் விதி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், பரிசோதனை முடிவு வெளியே கசியக் கூடாது, சம்பந்தப்பட்டவள் பதில் சொல்ல இடம் வேண்டும். 2014இல் டுட்டி சந்த் இதே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டபோது விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனால் எவ்வளவு சாதகம் கிடைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015இல் அந்த விதியை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அவர் மறுபடி ஓடினார்; 2016 ரியோ ஒலிம்பிக் வரை போனார். பிறகு வேறு வடிவத்தில் விதிகள் திரும்பி வந்தன. ஆண்கள் பிரிவில் இயற்கையாகச் சுரப்பதற்கு உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது. அங்கே அசாதாரண உடலுக்குப் பெயர் திறமை.

ஓட்டத்தில் தோற்றவள் அழுதுவிட்டு மறுநாள் பயிற்சிக்கு வரலாம். ஒழுங்கான போட்டி தோற்றவளுக்கும் அந்த மறுநாளை விட்டுவைக்கும். சாந்திக்கு அதையும் விட்டுவைக்கவில்லை. பின்னாளில் பயிற்சியாளராகி, பிள்ளைகளை ஓடவைத்து, தன் மறுநாளை அவரே உண்டாக்கிக்கொண்டார்.